காலிப் பாக்கெட் யாருடையது?



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் குப்பை. முகம் சுளிக்க வேண்டாம். குப்பை என்று தொடங்கினாலும் குற்றத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஊருக்கு ஒரு கேடு வருகிறது. அதில் லாபம் ஒருவருக்கு, பழி வேறொருவருக்கு. லாபம் பார்த்தவர் கைகழுவிக்கொண்டு போகிறார், பழி சுமப்பவர் தலைகுனிந்து நிற்கிறார். இது எப்படி நடக்கிறது? யார் நடத்துகிறார்கள்? நாம் ஏன் வாய்மூடி ஏற்றுக்கொள்கிறோம்? இதுதான் இன்றைய பேச்சு.

2025 ஜூலையில் மத்திய அரசின் தூய்மை நகரங்கள் பட்டியல் வந்தது. அந்தப் பட்டியலில் 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்கள் 40. அவற்றில் நம் மதுரைக்குக் கிடைத்த இடம் 40. மறுநாள் ஊரெங்கும் என்ன பேச்சு? டீக்கடையில் கேளுங்கள், பஸ்ஸில் கேளுங்கள், படித்தவர்கள் கூடும் இடத்தில் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: “நம்ம சனத்துக்கு ஒழுங்கு பத்தாதுப்பா.”

அப்படியா? இதே மதுரையில், 2017-ல், நம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நாட்டிலேயே தூய்மையான புகழ்பெற்ற தலம் என்று விருது கொடுத்தார்களே! மாசி வீதியிலும் வெளி வீதியிலும் அன்றைக்கு நடந்தவர்கள் யார்? வேறு ஊரிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த மக்களா? இதே சனம்தான். இதே ‘ஒழுங்கு பத்தாத’ சனம்தான். பணமும் ஆளும் கவனமும் ஓர் இடத்தில் இருந்தபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது. அப்படியானால் மக்களின் குணத்தை மட்டும் பழிப்பது எந்த ஊர் நியாயம்?

நியாயம் என்ற சொல்லை மதுரையில் நின்று பேசினால் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்காது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். தூக்கி வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து, கையில் ஒற்றைச் சிலம்போடு கோவலன் வந்தான். பொற்கொல்லன் விரலை நீட்டினான், “இதோ கள்வன்” என்றான். கையில் சிலம்பு இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்? விசாரணை இல்லை. வெட்டிவிட்டார்கள். கண்ணகி வந்து என்ன செய்தாள்? அழுததோடு நின்றாளா? சிலம்பை உடைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது, பாருங்கள் என்றாள்.

இன்று குப்பை விஷயத்தில் கையில் பாக்கெட்டோடு நிற்பவர்கள் நாம். பொற்கொல்லன் விரலை நீட்டிக்கொண்டிருக்கிறான். அதனால் நாமும் உடைத்துப் பார்ப்போம். குப்பைக்குள் என்ன இருக்கிறது?

வைகைக்குள் இறங்கிப் பாருங்கள். வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நடந்து பாருங்கள். அவனியாபுரம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போக மூக்கு இடம் கொடுத்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள். குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள் அங்கே என்ன எடுக்கிறார்கள், எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கவனியுங்கள். தண்ணீர் பாட்டிலை எடுப்பார்கள். பால் கவரை எடுப்பார்கள். அட்டை, தகரம் எல்லாம் எடுப்பார்கள். பழைய இரும்புக்கடையில் அதற்கெல்லாம் விலை உண்டு. ஆனால் பளபளவென்று கிடக்கும் சிப்ஸ் பாக்கெட்டை, ஷாம்பு பாக்கெட்டை, பாக்குப் பொட்டலத்தை அவர்கள் தொடுவதே இல்லை. ஏன்? எந்தக் கடையும் அதை வாங்காது. பிளாஸ்டிக் படலம், அலுமினியத் தாள், அதன்மேல் இன்னொரு படலம் என்று ஒட்டியிருக்கிறார்கள். பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததை உருக்கி மறுபடி நல்ல பொருளாக்குவது கட்டுப்படியாகாது. அந்தப் பாக்கெட் பிறக்கும்போதே குப்பையாகப் பிறக்கிறது!

அதை அப்படிச் செய்யச் சொன்னது யார்? பெட்டிக்கடை அக்காவா? தலைக்குக் குளிக்க ஒரு ரூபாய்க்கு ஷாம்பு வாங்கிய நூறு நாள் வேலைக்காரப் பெண்ணா?

இந்தச் சின்னப் பாக்கெட் வந்த கதையைச் சொல்கிறேன். இது நம் தமிழ்நாட்டில் பிறந்தது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒரு மனிதர். பணக்காரர் வாங்குவதை ஏழையும் வாங்க வேண்டும், அதற்குப் பொருளைச் சின்னதாகக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். நல்ல எண்ணம், நான் குறை சொல்லவில்லை. அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். பிறகு ஒரு மகன், சி.கே. ரங்கநாதன், தனியே வந்து 1983-ல் தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்புவை விற்றார். கிராமத்துப் பெட்டிக்கடைவரை அது போய்ச் சேர்ந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வழியில் பின்னால் வந்தன.

அந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது, அதைக் கவனமாகக் கேளுங்கள். சிக் ஷாம்பு விற்பனையைப் பெருக்க ஒரு திட்டம் போட்டார்கள். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்து கொடுங்கள், ஒரு சிக் பாக்கெட் இலவசம்! பின்னால், சிக் காலிப் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். விற்பனை எகிறியது. வியாபாரப் பாடத்தில் இன்றைக்கும் சொல்லித்தருகிறார்கள்.

நண்பர்களே, இதில் நமக்கு என்ன தெரிகிறது? காலிப் பாக்கெட்டைத் திரும்ப வாங்க முடியும்! பட்டிதொட்டிவரை போன பாக்கெட்டைப் பட்டிதொட்டியிலிருந்தே திரும்ப வாங்க முடியும்! நாற்பது ஆண்டுக்கு முன்னால், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், செல்போன் இல்லாத காலத்தில் அது முடிந்தது. விற்பனைக்கு உதவியபோது முடிந்தது. விற்பனை நிலைத்த பிறகு? ஊர் சுத்தத்துக்காகக் கேட்டால் மட்டும் “நடைமுறையில் சாத்தியமில்லை” என்கிறார்கள்!

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். இங்கே வயதில் மூத்தவர்கள் இருக்கிறீர்கள். காளி மார்க் 1916-ல் விருதுநகரில் தொடங்கிய கம்பெனி. அதன் பொவண்டோவை எப்படிக் குடித்தோம்? நம் ஊர் மாப்பிள்ளை விநாயகர் கலரை எப்படிக் குடித்தோம்? கோலிசோடாவை எப்படிக் குடித்தோம்? கடை வாசலில் நின்று குடித்துவிட்டு, பாட்டிலைக் கடைக்காரரிடம் நீட்டினோம். வீட்டுக்குக் கொண்டுபோனால் பாட்டிலுக்குத் தனியாகக் காசு வைத்துவிட்டுப் போகச் சொல்வார். கொண்டுவந்து கொடுத்தால் காசு திரும்ப வரும். வண்டி வரும்போது நிறைந்த கிரேடை இறக்கிவிட்டு, காலிக் கிரேடை ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு வைகைக்குள் எத்தனை சோடா பாட்டில் கிடந்தது? நாம் அன்றைக்கு மகா ஒழுக்கசீலர்களாக இருந்தோமா? இல்லை. அன்றைக்கும் வெற்றிலை எச்சிலைச் சுவரில் துப்பியவர்கள்தான். ஆனால் பாட்டில் கம்பெனியின் சொத்தாக இருந்தது. தன் சொத்தைத் தேடிக் கம்பெனியே வந்தது.

பிறகு என்ன நடந்தது? பாட்டிலைத் திரும்ப எடுத்துவரச் செலவு, கழுவச் செலவு, உடைந்தால் நஷ்டம். ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பாட்டிலில் அந்தச் செலவு எதுவும் இல்லை. செலவு இல்லையா? செலவு எங்கே போயிற்று? மாநகராட்சியின் தலையில் விழுந்தது. விடிவதற்கு முன்னால் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளரின் முதுகில் விழுந்தது. அடைத்துக்கொண்ட வாய்க்காலில் விழுந்தது. கம்பெனி மிச்சம் பிடித்த காசை நாம் வரியாகக் கட்டுகிறோம், திட்டையும் நாமே வாங்கிக்கொள்கிறோம்.

இந்தத் தந்திரம் நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு மாநிலம், மாடு வளர்க்கும் பூமி. எறிந்த பீர் பாட்டில் வைக்கோல் வயலில் கிடந்து, மாடுகள் கண்ணாடியைத் தின்று செத்தன. விவசாயிகள் கொதித்தார்கள். 1953-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது: திரும்ப வாங்காத பாட்டிலில் பீர் விற்கக் கூடாது! அதே ஆண்டில், பாட்டிலும் தகர டப்பாவும் செய்யும் கம்பெனிகள் சேர்ந்து ‘அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்’ என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கின. பெயரைக் கேட்டால் கும்பிடத் தோன்றும். வெர்மான்ட் சட்டம் 1957-ல் காலாவதியானது.

1971-ல் அந்த அமைப்பு ஒரு விளம்பரப் படம் எடுத்தது. செவ்விந்தியர் ஒருவர் படகில் வருகிறார். ஆறெல்லாம் குப்பை. காரில் போகும் ஒருவன் எறியும் குப்பை அவர் காலடியில் விழுகிறது. கேமராவைப் பார்க்கிறார், கண்ணில் ஒரு சொட்டு நீர். மாசு மக்களால் தொடங்குகிறது, மக்களால்தான் நிற்கும் என்று வாசகம். நாடே உருகிவிட்டது. அந்தச் செவ்விந்தியராக நடித்தவர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் மகன் என்பது பின்னால்தான் ஊருக்குத் தெரிந்தது, அதை விடுங்கள். பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கும் சட்டங்கள் மாநிலம் மாநிலமாக வரத் தொடங்கியபோது அவற்றை எதிர்த்து நின்றது இதே அமைப்புதான். படத்தில் கண்ணீர், சட்டசபை வாசலில் எதிர்ப்பு!

எண்ணெய்க் கம்பெனியும் இந்தத் தந்திரத்தைக் கற்றுக்கொண்டது. பூமி சூடாகிறது, அதில் உங்கள் வீட்டின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று 2004-ல் இணையத்தில் கணக்குப்பொறி வைத்துக் கொடுத்தது பிரிட்டிஷ் பெட்ரோலியம். உலகமே உட்கார்ந்து தன் பங்கைக் கணக்குப் போட்டது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் அந்தக் கம்பெனியின் கிணறு வெடித்து, பதினொரு பேர் செத்து, கடலெல்லாம் எண்ணெய் மிதந்தது. அது எந்த வீட்டின் பங்கு?

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் மத்திய அரசு பிளாஸ்டிக் கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. நல்ல விதிகள். உற்பத்தி செய்தவரே கழிவைத் திரும்பச் சேகரிக்க வழிசெய்ய வேண்டும் என்றது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பாக்கெட்டை இரண்டே ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்றது. இரண்டு ஆண்டு எப்போது முடிகிறது? 2018 மார்ச்சில். அதே 2018 மார்ச்சில் விதியைத் திருத்தினார்கள். மறுசுழற்சி செய்ய முடியாவிட்டாலும், எரித்து ஆற்றல் எடுக்க முடியும் என்றாலோ வேறு ஏதாவது உபயோகம் இருக்கிறது என்றாலோ அந்தப் பாக்கெட் இருந்துவிட்டுப் போகட்டும்! எரிக்க முடியாத பாக்கெட் எது? நீங்களே சொல்லுங்கள். ஒரு வரி மாறியது, பாக்கெட் பிழைத்துக்கொண்டது.

2022-ல் பொறுப்பை இன்னும் இறுக்கினார்கள். கம்பெனிகள் இத்தனை டன் பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனது என்று சான்றிதழ் காட்ட வேண்டும். மறுவருடமே, மறுசுழற்சி செய்வதாகச் சொன்ன சில நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ் போட்டிருப்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. ஆறு லட்சம்! நம் வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்காவிட்டால் தூய்மைப் பணியாளர் வாங்க மறுக்கிறார். அங்கே காகிதத்திலேயே குப்பை மறைந்துபோகிறது.

மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாடு 2018-ல் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. தைரியமான முடிவு, பாராட்ட வேண்டும். தடைப்பட்டியலில் என்ன இருந்தது? கைப்பை, டீ கப், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு இலைத் தாள். இவையெல்லாம் யார் கையில் இருப்பவை? தள்ளுவண்டிக்காரர் கையில், இட்லிக்கடைக்காரம்மா கையில், பூக்காரம்மா கையில். விலக்குப் பட்டியலில் என்ன இருந்தது? ஆலையிலேயே அடைத்து ஒட்டி வரும் பாக்கெட்! 2020 ஜூனில் அந்த விலக்கை நீக்கிவிட்டதாக அரசு அறிவித்தது. இங்கிருந்து வெளியே போகும்போது முதல் பெட்டிக்கடையில் நின்று அண்ணாந்து பாருங்கள். சரம் சரமாகத் தொங்குகிறதா இல்லையா?

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் சனம். மண்டகப்படிதோறும் நீர்மோரும் பானகமும் கொடுப்பது நம் மரபு. முன்பு செம்பிலும் டம்ளரிலும் கொடுத்தார்கள், இப்போது கப்பில் கொடுக்கிறார்கள். மறுநாள் காலையில் ஆற்று மணலைப் படமெடுத்துப் போட்டு, பக்தர்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதுகிறார்கள். பக்தருக்குப் பொறுப்பு வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பை லாரி லாரியாக அனுப்பிய ஆலையின் பெயர் எந்தச் செய்தியிலாவது வந்ததா?

மீண்டும் மஞ்சப்பை என்று 2021 டிசம்பரில் முதலமைச்சர் ஓர் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். மஞ்சப்பை எனக்கும் பிடிக்கும். கல்யாண வீட்டு மஞ்சப்பையில் புத்தகம் வைத்துப் பள்ளிக்கூடம் போன தலைமுறை நான். ஆனால் மஞ்சப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதற்குள் எதைப் போட்டுக்கொண்டு வருகிறோம்? பிஸ்கட் பாக்கெட், மசாலா பாக்கெட், சோப்புத்தூள் பாக்கெட், எண்ணெய்ப் பாக்கெட்! பை மட்டும் துணி.

இந்த ஊரிலேயே ஒரு பேராசிரியர் இருக்கிறார். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் ஆசிரியர் ஆர். வாசுதேவன். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் கழிவைத் தூவினால் அது உருகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் தார் நன்றாகப் பிடிக்கும், ரோடு உறுதியாக இருக்கும் என்று கண்டுபிடித்தார். அந்தக் கல்லூரி வளாகத்தில் போட்ட ரோட்டிலிருந்து நாடெங்கும் அது பரவியது. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மதுரைக்குப் பெருமை. நான் கேட்பது அவரை நோக்கி அல்ல. ஒரு பேராசிரியர் மூளையைக் கசக்கி வழி கண்டுபிடிக்கிறார், தூய்மைப் பணியாளர் குனிந்து பொறுக்குகிறார், மாநகராட்சி பணம் போடுகிறது, நாம் பிரித்துக் கொடுக்கிறோம். எல்லோரும் ஏதோ ஒன்று செய்கிறோம். பாக்கெட் அடித்தவர் என்ன செய்கிறார்? அடுத்த பாக்கெட் அடிக்கிறார். உலகில் 2015 வரை சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது வெறும் 9 சதவீதம். எத்தனை ரோடு போட்டு எவ்வளவை விழுங்குவது?

குப்பையோடு இந்தத் தந்திரம் நிற்கவில்லை. ஆன்லைன் ரம்மி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். நடிகர் சிரித்துக்கொண்டே அழைப்பார், கடைசி இரண்டு விநாடியில் ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லுவார்: இது பழக்கமாகிவிடலாம், பொறுப்புடன் விளையாடுங்கள். இரவெல்லாம் கண்விழிக்க வைக்கும்படி விளையாட்டை வடிவமைத்தவருக்குப் பொறுப்பு இல்லை, சம்பளத்தைத் தொலைத்த பையனுக்குப் பொறுப்பு! இளைஞர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2020-ல் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதைக் கவனித்துக் கேள்வி கேட்டது. அதன் பிறகுதான் மாநிலத்தில் அவசரச் சட்டம், மேல்வழக்கு, நீதியரசர் சந்துரு குழு, புதிய சட்டம் என்று நகர்ந்து, 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுக்கு நாடாளுமன்றமே தடை போட்டது. பொறுப்போடு ஆடச் சொன்னவரின் பொறுப்பைக் கேட்டதால் வந்த மாற்றம் இது.

அரசு நடத்தும் டாஸ்மாக் மட்டும் யோக்கியமா? மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதி வைத்துவிட்டு அதற்குக் கீழேயே விற்கிறது. சொல்லியாகிவிட்டது, இனி உன் பாடு!

ஆனால் அதே டாஸ்மாக்கிடமிருந்து நமக்கு ஒரு சாட்சியும் கிடைக்கிறது. நீலகிரி மலையில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குடிப்பவர்களுக்கு நல்லொழுக்கம் போதியுங்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விற்றவரே திரும்ப வாங்க வழிசெய்யுங்கள் என்றது. 2022 மே மாதத்தில் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலிப் பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்ப. என்ன ஆயிற்று? நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான பாட்டில்கள் திரும்பி வந்தன! குடித்துவிட்டுத் தள்ளாடுபவர்கூடப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒழுங்கு பத்தாத சனம் என்றீர்களே, இது எங்கிருந்து வந்தது? பிறகு வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் போனது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிலை எண்ணி, ஸ்டிக்கர் ஒட்டி, அடுக்கும் வேலை கடை ஊழியர் தலையில் விழுந்தது. இடமில்லை, ஆளில்லை என்று அவர்கள் போராடினார்கள். மேலே இருப்பவர் தள்ளிவிட்டால் சுமை உருண்டு உருண்டு கடைசிப் படியில் நிற்பவர் மேல்தான் விழும். பொறுப்பைக் கம்பெனியிடம் கொடுக்கும்போது, அது கம்பெனியின் பணத்திலேயே நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

“அப்படியென்றால் நான் குப்பையை ரோட்டில் போடலாமா?” என்று ஒரு தம்பி மனதுக்குள் கேட்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போடக் கூடாது தம்பி. நம் வைகை, நம் கண்மாய், நம் பிள்ளைகள் விளையாடும் தெரு. போட்டால் தப்புதான். ஆனால் உன் தப்பு ஒரு பாக்கெட். பாக்கெட் அடித்தவர் தப்பு கோடிக்கணக்கான பாக்கெட். 84 நாடுகளில் குப்பையைச் சேகரித்து, பெயர் பார்த்து எண்ணினார்கள், முடிவு 2024-ல் வெளியானது. பெயர் தெரிந்த பிளாஸ்டிக் கழிவில் பாதிக்கு மேல் 56 கம்பெனிகளுடையது. கோகோ கோலா மட்டும் 11 சதவீதம். உலகத்தில் எண்ணூறு கோடிப் பேரைத் திருத்துவது எளிதா, 56 கம்பெனிகளைக் கேட்பது எளிதா?

அதனால் என்ன செய்யலாம்? எண்ணலாம். பெயர் பார்த்து எண்ணலாம். கல்லூரி மாணவர்களே, உங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கண்மாய்க்கரையைச் சுத்தம் செய்கிறீர்கள். சுத்தம் செய்த குப்பையைக் கொட்டுவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து கம்பெனிவாரியாகப் பிரித்து எண்ணுங்கள். அந்தக் கணக்கை மாநகராட்சிக்குக் கொடுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுங்கள், பத்திரிகைக்குக் கொடுங்கள். 2016 விதிகளில், கழிவு மேலாண்மைக்கு உற்பத்தியாளர்களின் உதவியை உள்ளாட்சி கேட்டுப் பெற வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்: ஐயா, இதுவரை எந்தக் கம்பெனிக்குக் கடிதம் போட்டீர்கள்? என்ன பதில் வந்தது? பதிலைக் காட்டுங்கள்.

மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்திருப்பவர்களே, அந்த விதிகள் ஊராட்சிக்கும் பொருந்தும். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எங்கள் ஊருக்குள் விற்கும் பாக்கெட்டையும் பாட்டிலையும் விற்ற கம்பெனியே தன் செலவில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.